கர்ப்ப காலத்தில் எக்நாக்: கடைப் பெட்டியா, வீட்டு அடுப்பா, ரம் ஜாடியா?

அமெரிக்காவில் நவம்பர் பிறந்ததும் கடைகளின் பால் பகுதியில் எக்நாக் அட்டைப்பெட்டிகள் வந்து நிறைந்துவிடும். பால், க்ரீம், முட்டை, சர்க்கரை, ஜாதிக்காய்ப் பொடி சேர்ந்த இந்தக் கிறிஸ்துமஸ் காலப் பானத்தை, விருந்துக்குச் செல்லும் வீட்டில் கர்ப்பிணிக்கும் அன்போடு நீட்டுவார்கள். அதைக் குடிக்கலாமா என்பதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்ல முடியாது. ஏனெனில் அந்த ஒரே பெயரில் முற்றிலும் வேறான பானங்கள் புழங்குகின்றன. முட்டை எந்த அளவு சூடு கண்டது, மது கலந்திருக்கிறதா என்ற இரண்டையும் பொறுத்தே அவற்றைத் தரம் பிரிக்க வேண்டும்.

என் கணிப்பில் முதலிடம் கடையில் விற்கும் சாதாரணப் பெட்டிக்குத்தான். எக்நாக் என்ற பெயரில் விற்கப்படும் பானம் பாஸ்டரைஸ் செய்யப்பட்டதாக, அதாவது நோய்க்கிருமிகள் அழியும் அளவுக்குச் சூடாக்கப்பட்டதாக, இருக்க வேண்டும் என்பது அமெரிக்க உணவு மற்றும் மருந்து நிர்வாகத்தின் விதி. குறைந்தது 6 சதவீதம் பால்கொழுப்பும் 1 சதவீதம் மஞ்சள்கருத் திடப்பொருளும் அதில் இருக்க வேண்டும். ஆயினும் பெட்டியில் 'பாஸ்டரைஸ்' என்ற சொல்லைக் கண்ணால் பார்த்த பிறகே வாங்குங்கள், குறிப்பாகப் பண்ணைகளில் நேரடியாக விற்பதை. மதுக்கடையில் புட்டியில் அடைத்து விற்பது வேறு. அதில் ஏற்கெனவே மது கலந்திருக்கும். திறந்த பெட்டியை 4 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகாத குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில நாள்களுக்குள் தீர்த்துவிட வேண்டும். கருச்சிதைவுக்கும் குறைப்பிரசவத்துக்கும் காரணமாகக்கூடிய லிஸ்டீரியா கிருமி குளிரிலும் பெருகும் இயல்புடையது. விருந்து மேசையில் 2 மணி நேரத்துக்கு மேல் நின்ற பானத்தையும் தொட வேண்டாம்.

வீட்டில் காய்ச்சிய எக்நாக் சரியாகச் செய்தால் பெட்டிக்குச் சற்றும் குறைந்ததல்ல, சுவையில் ஒரு படி மேல் என்றே சொல்வேன். ஆனால் அந்தச் 'சரியாக' என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. வயிற்றுப்போக்கையும் காய்ச்சலையும் உண்டாக்கும் சால்மோனெல்லா கிருமி முட்டை ஓட்டின் மேல் மட்டும் ஒட்டியிருப்பதில்லை. கிருமி தொற்றிய கோழியின் முட்டைக்குள்ளேயே அது இருக்கக்கூடும் என்பதால், முட்டையை எவ்வளவு கழுவினாலும் அது போகாது. கொதித்த பாலில் பச்சை முட்டையை அடித்து ஊற்றினாலே வெந்துவிடும் என்று நம் வீடுகளில் நினைப்பதுண்டு. ஊற்றிய மாத்திரத்தில் பாலின் சூடு இறங்கிவிடுவதை யாரும் அளந்து பார்ப்பதில்லை. மஞ்சள்கருவையும் சர்க்கரையையும் நன்றாக அடித்து, சூடான பாலை அதில் மெல்லிய தாரையாக ஊற்றிக் கலக்கி, மொத்தத்தையும் மீண்டும் சிறு தீயில் ஏற்றி, கைவிடாமல் கிளற வேண்டும். கலவை கரண்டியின் முதுகில் படர்ந்து, அதில் விரலால் இழுத்த கோடு மூடிக்கொள்ளாமல் நிற்பது நல்ல அடையாளம்தான் என்றாலும், கர்ப்பிணிக்காகச் செய்யும்போது சமையல் தெர்மாமீட்டர் 71 டிகிரி செல்சியஸ் காட்டும் வரை நான் அடுப்பை அணைக்க மாட்டேன். 80 டிகிரியைத் தாண்டினால் முட்டை திரிந்துவிடும் என்பதால் அந்த இடைவெளியில் கவனம் பிசகக் கூடாது.

இங்கே பலர் அறியாமல் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. சில பழைய செய்முறைகளில் மஞ்சள்கருவை முறையாகக் காய்ச்சிவிட்டு, நுரைக்காகப் பச்சை வெள்ளைக்கருவை அடித்துக் கடைசியில் சேர்ப்பார்கள். அதன் பிறகு அது காய்ச்சிய எக்நாக் ஆகாது. நுரை வேண்டுமென்றால் அடித்த க்ரீமே போதும். அல்லது ஓட்டோடு வெந்நீரில் பாஸ்டரைஸ் செய்த முட்டைகளை வாங்கலாம். அவை எல்லாக் கடைகளிலும் கிடைப்பதில்லை, வெள்ளைக்கரு நுரைக்கவும் நேரமெடுக்கும்.

பிரிட்டனில் நிலைமை வேறு. சால்மோனெல்லாவுக்கு எதிராகத் தடுப்பூசி போட்ட கோழிகளின் முட்டை என்பதற்கு அடையாளமான சிங்க முத்திரை பெற்ற முட்டைகளைக் கர்ப்பிணிகள் பச்சையாகவும் உண்ணலாம் என்று அந்நாட்டு உணவுத் தர முகமை 2017இல் தன் அறிவுரையை மாற்றிக்கொண்டது. அந்தச் சலுகையை அமெரிக்க முட்டைக்கு நீட்டிக்கொள்ளக் கூடாது.

கடைசி இடம், பச்சை முட்டையில் ரம்மோ பிராந்தியோ ஊற்றி வாரக்கணக்கில் ஊறவைக்கும் ஜாடிக்கு. மது கிருமியைக் கொன்றுவிடும் என்பதே இதற்குச் சொல்லப்படும் நியாயம். நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் பல்கலைக்கழக ஆய்வகத்தில், மது சேர்த்த எக்நாக்கில் சால்மோனெல்லாவைக் கலந்து பார்த்தபோது மூன்று வாரத்தில் அது அழிந்தது உண்மைதான். ஒரு வாரத்தில் அழியவில்லை என்பதும் உண்மை. விருந்தன்று ஊற்றும் ரம் எதையும் காப்பாற்றாது. மூன்று வாரம் ஊறினாலும் மது மதுதான். கர்ப்பத்தில் பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் அறியப்படவில்லை. சூடான பானத்தில் ஊற்றினால் ஆவியாகிவிடும் என்பதும் சரியல்ல, 85 சதவீதம் வரை அதிலேயே தங்கிவிடும்.

முட்டையே இல்லாத சோயா, பாதாம், ஓட்ஸ் வகைகளில் முட்டை பற்றிய கவலை இல்லை. சர்க்கரைக் கவலை எல்லா வகைக்கும் பொது: கடை எக்நாக் அரை கப்பில் ஏறக்குறைய 20 கிராம் சர்க்கரை இருக்கும் என்பதால், கர்ப்பகால நீரிழிவு உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே குடிக்க வேண்டும்.

பச்சை முட்டை சேர்ந்த எக்நாக்கைத் தெரியாமல் ஒரு குவளை குடித்துவிட்டவர்கள் பதற வேண்டாம். சால்மோனெல்லாவின் அறிகுறிகள் பெரும்பாலும் 6 மணி நேரம் முதல் 6 நாள்களுக்குள் தெரியும். காய்ச்சலோ வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்தால், என்ன குடித்தீர்கள், எப்போது குடித்தீர்கள் என்பதைச் சொல்லி அன்றே மருத்துவரை அழையுங்கள்.