நின்றுபோன சர்க்கரை ஊறலும் லால்வின் இசி-1118 ஈஸ்ட்டும்

ஆக்லாந்தின் ஜூலை மாதக் குளிரில் இட்லி மாவே எளிதில் பொங்குவதில்லை. அத்தகைய குளிரில், வீட்டோடு ஒட்டிய கார் கொட்டகையில் நான் வைத்திருந்த 25 லிட்டர் சர்க்கரை ஊறல் எட்டாம் நாளில் அடங்கிப்போனது. அதை மீட்பதற்காக வாங்கியதுதான் லால்வின் இசி-1118 என்ற ஈஸ்ட்; இந்த மதிப்புரை அதைப் பற்றியது. நியூசிலாந்தில் சொந்தப் பயன்பாட்டுக்கு வீட்டில் இத்தகைய ஊறலிலிருந்து சாராயம் காய்ச்சி வடிப்பதற்கு 1996 முதல் சட்டத்தின் அனுமதி உண்டு என்பதையும், தமிழ்நாட்டில் அதே செயல் குற்றம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இங்கே நான் எழுதுவது நொதித்தலைப் பற்றி மட்டுமே.

ஊறலில் 5 கிலோ வெள்ளைச் சர்க்கரையும் ரொட்டிக்குப் பயன்படும் ஈஸ்ட்டும் இருந்தன. தொடக்கத்தில் ஹைட்ரோமீட்டர், அதாவது நீரின் அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவி, 1.077 காட்டியது; சர்க்கரை ஆல்கஹாலாக மாற மாற இந்த எண் இறங்கும். எட்டாம் நாள் 1.040, பத்தாம் நாளும் அதே 1.040. ஏர்லாக்கில் (வாயுவை வெளியே விட்டு, வெளிக்காற்றை உள்ளே விடாத நீரடைப்பில்) குமிழி வரவில்லை என்பதை மட்டும் வைத்து ஊறல் நின்றுவிட்டது என்று முடிவு கட்டக் கூடாது. மூடி சற்றுத் தளர்ந்திருந்தாலே வாயு பக்கவாட்டில் கசிந்துவிடும், குமிழியும் தோன்றாது. இரண்டு நாள் இடைவெளியில் எடுத்த இரண்டு அளவுகள் மாறாமல் இருந்தால்தான் நொதித்தல் நின்றுவிட்டது என்று உறுதியாகச் சொல்ல முடியும். எனவே ஹைட்ரோமீட்டர் இல்லாதவர்கள் ஈஸ்ட் வாங்குவதற்கு முன் அதை வாங்குவதே நல்லது.

திராட்சைச் சாறோ தானியக் கூழோ ஈஸ்ட்டுக்குத் தேவையான நைட்ரஜனையும் உயிர்ச்சத்துகளையும் தாதுக்களையும் தாமே கொண்டிருக்கின்றன. வெள்ளைச் சர்க்கரையில் இவற்றில் எதுவும் இல்லை. அதைவிடப் பெரிய சிக்கல், நொதிக்கும்போது உண்டாகும் அமிலத்தைத் தாங்கிப் பிடிக்கும் பொருளும் சர்க்கரைக் கரைசலில் இல்லாததால், பி.எச். அளவு சில நாள்களிலேயே சரசரவென்று இறங்கிவிடுவதாகும். 3-க்குக் கீழே போனால் ஈஸ்ட் திணறத் தொடங்குகிறது. என் ஊறலில் அது 2.9 ஆக இருந்தது. வெப்பநிலையோ 14 டிகிரி. சத்து எதுவும் சேர்க்காதது என் தவறு. ஆகவே பழைய ஈஸ்ட்டின் தரத்தை நான் குறை சொல்ல மாட்டேன். பசியும் புளிப்பும் குளிரும் ஒன்றாகச் சேர்ந்தால் எந்த ஈஸ்ட்டும் படுத்துவிடும்.

இனி இசி-1118-க்கு வருகிறேன். கனடாவின் மாண்ட்ரியல் நகரைத் தலைமையிடமாகக் கொண்ட லாலமண்ட் நிறுவனத்தின் தயாரிப்பு இது. ஷாம்பெயின் ஒயினுக்குப் பெயர்பெற்ற வகை. 5 கிராம் பொட்டலமாகக் கிடைக்கிறது. 10 முதல் 30 டிகிரி வரை வேலை செய்யும், 18 சதவீத ஆல்கஹாலைத் தாங்கும், மிகக் குறைந்த நைட்ரஜனே போதும், நுரையும் அதிகம் எழாது. வலுக்குறைந்த மற்ற ஈஸ்ட்டுகளை ஒடுக்கும் நச்சுப் புரதம் ஒன்றையும் இது சுரக்கிறது. நின்றுபோன ஊறலுக்கு இத்தனை குணங்களும் தேவைப்படுகின்றன. எனினும் பொட்டலத்தில் இருப்பது ஈஸ்ட் மட்டுமே, சத்து அதில் இல்லை என்பதை மறந்துவிடக் கூடாது.

இதைப் பிரித்து அப்படியே ஊறலில் கொட்டினால் பணம் வீண். ஏற்கெனவே ஏறத்தாழ 5 சதவீத ஆல்கஹாலும் கடும் புளிப்பும் உள்ள நீரில் உலர்ந்த ஈஸ்ட் விழுந்தால், விழித்துக்கொள்வதற்கு முன்பே பெரும்பகுதி மடிந்துவிடும். முதலில் ஊறலைச் சரிசெய்தேன். கால்சியம் கார்பனேட் தூளைக் கால் தேக்கரண்டி வீதம் தூவி, நுரை அடங்கும்வரை காத்திருந்து, கலக்கி அளந்து, பி.எச். 3.6-க்குக் கொண்டுவந்தேன். வெற்றிலைக்குத் தடவும் சுண்ணாம்பு இதற்கு ஆகாது. அது கால்சியம் ஹைட்ராக்சைடு, கைதவறினால் ஊறல் காரமாகிவிடும். பிறகு சூடேற்றும் பட்டையைச் சுற்றி 22 டிகிரிக்கு உயர்த்தினேன். நைட்ரஜனுக்காக உணவுத் தரமுள்ள டிஏபி (டைஅம்மோனியம் பாஸ்பேட்) சிறிதளவும், மற்ற சத்துகளுக்காகக் கொதிக்கவைத்துக் கொன்ற ரொட்டி ஈஸ்ட் இரண்டு தேக்கரண்டியும் சேர்த்தேன். நம் ஊர் உழவர்களுக்குப் பழக்கமான அதே டிஏபிதான் இது என்றாலும், உர மூட்டையிலிருந்து எடுத்துப் போடக் கூடாது. ஆல்கஹால் 9 சதவீதத்தைத் தாண்டிய ஊறலில் டிஏபி சேர்ப்பதாலும் பயனில்லை, ஈஸ்ட்டால் அதை உள்வாங்க முடியாது.

அதன்பின் இரண்டு பொட்டலங்களை 100 மில்லி நீரில், 40 டிகிரிச் சூட்டில், கால் மணி நேரம் ஊறவைத்தேன். கொஞ்சம் சர்க்கரையும் சத்தும் கலந்த வெதுவெதுப்பான நீரைச் சேர்த்ததும் சிறிது நேரத்தில் நுரைத்தது. அதன் அளவுக்குச் சமமாக நின்றுபோன ஊறலை ஊற்றினேன். மீண்டும் குமிழிகள் சுறுசுறுப்பாக எழுந்த பிறகு, மொத்தத்துக்குச் சமமாக இன்னொரு பங்கு. இப்படி இரண்டு மூன்று மணி நேரத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாக்கி, மூன்று லிட்டர் ஆனபின் பெரிய கலத்தில் சேர்த்தேன். ஒவ்வொரு முறையும் இரு நீர்களின் வெப்பநிலை வேறுபாடு 10 டிகிரிக்குள் இருக்குமாறு பார்த்துக்கொண்டேன். ஒரு முழு நாள் இதற்கே போயிற்று, ஆனால் அந்த நாள்தான் ஊறலைக் காப்பாற்றியது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மறுநாள் காலை 1.036. நான்காம் நாள் 1.015. கடைசிப் பகுதி மெதுவாகவே நகர்ந்தது. ஈஸ்ட் குளுக்கோஸை முதலில் தின்றுவிட்டு ஃபிரக்டோஸைக் கடைசிக்கு வைப்பதால் இந்த மந்தம் இயல்பே, பதறிப்போய் மேலும் எதையும் கொட்ட வேண்டியதில்லை. ஒன்பதாம் நாள் 0.990-இல் நிலைத்தது. கணக்கிட்டால் 11 சதவீதத்துக்குச் சற்று மேல். அழுகிய முட்டை வாடையும் இல்லை. பழ மணம் எதிர்பார்ப்பவர்களுக்கு இந்த ஈஸ்ட் ஏமாற்றம் தரக்கூடும். இது தன் சுவையைப் பெரிதாகச் சேர்க்காத வகை. சர்க்கரை ஊறலுக்கு அதுவே வேண்டியது என்பது என் கருத்து.

ஊறல் வெறும் குளிரால் மட்டும் மந்தமாகியிருந்தால் இதை வாங்கவே வேண்டாம். கலத்தைக் கம்பளியால் போர்த்தி, அடியில் படிந்த ஈஸ்ட்டை மெல்லக் கலக்கிவிட்டு, இரண்டு நாள் பொறுத்துப் பாருங்கள். அதன்பிறகும் ஹைட்ரோமீட்டர் அசையாவிட்டால் வாங்கலாம். வாங்கும்போது காலாவதித் தேதியைப் பார்த்து, ஒன்றுக்கு இரண்டாக எடுத்து, பிரிக்காமல் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துக்கொள்ளுங்கள். பிரித்த பொட்டலத்தில் மிஞ்சியதை நம்பி அடுத்த ஊறலைத் தொடங்க வேண்டாம்.