விற்க முடியாமல் போன .40

கைத்துவக்கு ரவைகளில் எனக்குப் பிடித்தது .38 ஸ்பெஷல், பிடிக்காதது .40 ஸ்மித் அண்ட் வெசன். மற்றதெல்லாம் நடுவில். எது பிடிக்கும், எது பிடிக்காது என்று கேட்டவன் படுவான்கரையில் வயல் செய்கிற என் மச்சான். யூரியூப்பில் கைத்துவக்கு வீடியோ பார்த்துப் பார்த்து அவனுக்குக் கலிபர் (ரவையின் விட்ட அளவு) பெயரெல்லாம் மனப்பாடம். நான் கனடா ஸ்காபரோவில் இருந்து லீவில் மட்டக்களப்புக் கல்லடிக்கு வந்து நிற்கிறேன் என்று தெரிந்ததும் கேள்வியோடு வந்துவிட்டான். வாயால் சொன்னது போதாதாம், கூட்டாளிமாருக்கும் அனுப்ப வேணுமாம், எழுதித் தரட்டாம்.

இதைப் படித்துவிட்டு இங்கே யாரும் வாங்கப் போவதில்லை. நம் பக்கத்தில் துவக்கு லைசன்ஸ் என்றால் வயல் காவலுக்கு வைத்திருக்கிற 12-போர் நீளத் துவக்குதான் ஞாபகம் வரும். கனடாவிலும் 2022 ஒக்டோபர் 21இல் இருந்து சாதாரண ஆள் கைத்துவக்கு வாங்கவும் முடியாது, இன்னொருவருக்கு விற்கவும் முடியாது. ஒலிம்பிக் வகைப் போட்டிகளில் சுடுகிறவர்கள் போன்ற சிலருக்குத்தான் விலக்கு. முன்பே பதிந்து வைத்திருந்தவர்கள் வைத்திருக்கலாம், பூட்டிய பெட்டியில் சுடுதளத்துக்குக் கொண்டுபோய்ச் சுட்டுவிட்டு வரலாம். அவ்வளவுதான். என் எரிச்சல் முழுக்க அந்தத் திகதியில் வந்துதான் முட்டி நிற்கிறது. என் .40 துவக்கை வாங்கிக்கொள்கிறேன் என்று கிளப்பில் ஒருவர் சொல்லியிருந்தார். அடுத்த மாதம், அடுத்த மாதம் என்று இழுத்துக்கொண்டே இருந்தார். அப்புறம் சட்டம் வந்துவிட்டது.

அதை நான் வாங்கியதே விலை இறங்கிக் கிடந்த நேரத்தில். ஏன் இறங்கியது என்பது ஒரு கதை. 1986இல் மயாமியில் எஃப்பிஐக்காரருக்கும் இரண்டு கொள்ளையருக்கும் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு முகவர்கள் செத்துப்போனார்கள். கையில் இருந்த 9 மில்லிமீற்றர் போதவில்லை என்று சொல்லி 10 மில்லிமீற்றருக்குப் போனார்கள். அதன் முழு உதையைப் பலரால் சமாளிக்க முடியவில்லை, வெடிமருந்தைக் குறைத்தார்கள். மருந்து குறைந்தால் ரவையின் கோதுக்குள் இடம் சும்மாதானே கிடக்கிறது? கோதையும் குட்டையாக்கி, 9 மில்லிமீற்றர் அளவுத் துவக்கிலேயே அடங்கும்படி 1990இல் கொண்டுவந்ததுதான் .40. அமெரிக்கப் பொலிஸ் வரிசையாக அதற்கு மாறியது. இருபத்தைந்து வருடம் போனதும் எஃப்பிஐயே திரும்பவும் 9க்கு வந்துவிட்டது. புது 9 ரவைகள் நன்றாகிவிட்டன, ஆட்களும் அதில்தான் வேகமாகவும் குறி தவறாமலும் சுடுகிறார்கள் என்றார்கள். மற்றப் பொலிஸும் பின்னால் போனது. கடைக்காரர் எனக்குச் சிரித்த முகத்தோடு விலை குறைத்துத் தந்தது இதற்குப் பிறகுதான்.

சரி, அதில் என்ன குறை? உதையின் அளவு இல்லை, உதைக்கிற விதம். வெடிக்கும்போது உள்ளே 9க்கும் .40க்கும் அனுமதித்த உச்ச அழுத்தம் ஒன்றுதான், சதுர அங்குலத்துக்கு 35,000 இறாத்தல் (பிஎஸ்ஐ). ஆனால் 9இன் குண்டு 115 முதல் 147 கிரெயின் (குண்டின் எடை அளவு) வரை, .40இல் 165, 180 என்று போகிறது. துவக்கோ அதே உடம்பு, அதே எடை. கூடிய உதையெல்லாம் எங்கே போகும்? வாய் மேலே துள்ளுகிறது. பெருவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் நடுவில் இருக்கிற அந்தச் சவ்வில் சுருக்கென்று ஒரு வெட்டு. .45 ஏசிபி இதைவிடப் பெரியது, 230 கிரெயின் குண்டு, ஆனால் அழுத்தம் 21,000தான். அது கையைப் பின்னால் தள்ளும், வெட்டாது. .45ஐ ஒரு பின்னேரம் முழுக்கச் சுடலாம். .40இல் இரண்டு ரவைக்கூடு முடிந்ததும் கைக்குப் பயம் பிடித்துவிடும்.

பயம் என்று சும்மா சொல்லவில்லை. கிளப்பில் ஒரு பெரியவர் என் ரவைக்கூட்டில் எனக்குத் தெரியாமல் ஒரு போலி ரவையைக் கலந்து போட்டுத் தந்தார். மூன்றாவதோ நான்காவதோ, விசையை இழுத்தேன், 'டிக்'. வெடியும் இல்லை, உதையும் இல்லை, ஆனால் துவக்கின் வாய் தானாகக் குனிந்தது. உதை வரப்போகிறது என்று கை முந்திக்கொண்டு அமுக்குகிறது. வலது கைக்காரனுக்கு அப்படி அமுக்கினால் வெடி இடப்பக்கம் கீழே விழும். என் அட்டையில் ஓட்டையெல்லாம் அங்கேதான் குவிந்து கிடந்தது. அதே ஆள் கையில் சின்ன .22ஐக் கொடுத்தால் எல்லாம் நடுவில். ஆள் மாறவில்லை, ரவைதான் மாறியது.

நியாயமும் சொல்ல வேண்டும். இதே .40ஐ முழு இரும்பில் செய்த கனமான போட்டித் துவக்கில் சுட்டுப் பார்த்திருக்கிறேன், 180 கிரெயின், அளவான மருந்து. வெண்ணெய். ஐபிஎஸ்சி என்கிற ஓடி ஓடிச் சுடும் போட்டியில், ஸ்டாண்டர்ட் பிரிவில், பலமான ரவைக்குத் தருகிற 'மேஜர்' புள்ளிக்குக் குறைந்தது .40 வேண்டும், அதனால் அவர்கள் இதை விடமாட்டார்கள், விடவும் தேவையில்லை. குறை ரவையில் பாதி, அதைக் கொண்டுபோய்ப் பிளாஸ்டிக் உடம்புச் சின்னத் துவக்கில் திணித்ததில் பாதி. என்னிடம் இருப்பது அந்தப் பிளாஸ்டிக். ரவை விலையும் 9ஐவிடக் கூட. கையில் வலியும் வாங்கி, அதற்குக் காசும் கூடக் கட்டுவது எனக்குப் பொருந்தவில்லை.

9 பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை, அதுதான் அதன் பெருமை. ஜோர்ஜ் லூகர் செய்து நூற்றிருபது வருடம் தாண்டிவிட்டது, எல்லாக் கடையிலும் கிடைக்கும், உதை அளவு, விலை அளவு. புதிதாகத் தொடங்குகிறவர் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு 9 என்பேன். சுட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் அன்றைக்கு என்ன நடந்தது என்றே ஞாபகம் இருக்காது.

.22 வேறு. 1887இல் இருந்து வருகிற ரவை, உதை என்று பெயருக்கும் இல்லை. ஒலிம்பிக் 25 மீற்றர் கைத்துவக்குப் போட்டியும் இதில்தான். ஆனால் ஒரு பெட்டியில் சிலது வெடிக்காது. மற்ற ரவைகளில் தட்டினால் தீப்பிடிக்கிற மருந்து நடுவில் தனிக் கிண்ணத்தில் இருக்கும். .22இல் அதைக் கோதின் அடி விளிம்புக்குள் சுழற்றிப் பரப்பியிருப்பார்கள். விளிம்பில் ஒரு இடத்தில் மருந்து போய்ச் சேராமல், துவக்கின் ஊசியும் சரியாக அந்த இடத்திலேயே அடித்தால் முடிந்தது. வாயை இலக்குப் பக்கமே வைத்துக்கொண்டு முப்பது செக்கன் காத்திருக்க வேண்டும், பிந்தி வெடித்தாலும் வெடிக்கும். பிறகு எடுத்து, கொஞ்சம் திருப்பிப் போட்டால் பெரும்பாலும் வெடிக்கும். மலிவு வாளியில் வாங்கிய ரவை எனக்கு இந்தக் காத்திருப்பை நிறையத் தந்தது. கோபம் வந்ததில்லை. .40க்கு ஏன் அந்தப் பொறுமை வருவதில்லை என்று கேட்டால், .22 கையை வெட்டுவதில்லை.

இதையெல்லாம் வாசலில் இருந்து கதைத்துக்கொண்டிருக்க, உள்ளே இருந்து அம்மா: "காசு குடுத்தா மனே வெடி வெக்கப் போறாய்? இஞ்ச இருந்திருந்தா சும்மாவே கேட்டிருப்பாய்." மச்சான் சிரித்தான். நானும்தான்.

.38 ஸ்பெஷலுக்கு வருகிறேன். 1890களின் கடைசியில் வந்த றிவோல்வர் ரவை. பெயர்தான் .38, குண்டின் விட்டம் .357 அங்குலம். அதனால் .357 மக்னம் றிவோல்வரில் அப்படியே போட்டுச் சுடலாம், மாறிச் செய்யக் கூடாது. அழுத்தம் 17,000 பிஎஸ்ஐ, மக்னத்தின் பாதி. இதில் 'வாட்கட்டர்' என்று ஒரு குண்டு உண்டு: 148 கிரெயின் ஈயம், மூக்கே இல்லை, தட்டையான உருளை, கோதின் வாயோடு வாயாக அமுங்கி இருக்கும். அட்டையில் பட்டால் கந்தோரில் கோப்புக்கு ஓட்டை போடுகிற கருவி போல வட்டமாக வெட்டி எடுத்துவிடும். உருண்டை மூக்கு 9 அட்டையைக் கிழித்துக்கொண்டுதான் போகும், ஓட்டை கோட்டைத் தொட்டதா இல்லையா என்று புள்ளிக்குச் சண்டை பிடிக்கலாம். இங்கே சண்டைக்கு இடமில்லை. ஆறு வெடி முடிந்ததும் றிவோல்வரின் சுழல் உருளையைத் திறந்து அமத்தினால் ஆறு கோதும் இளஞ்சூட்டோடு உள்ளங்கையில் விழும். 9காரர்கள் தரையில் தவழ்ந்து கோது பொறுக்கிக்கொண்டிருப்பார்கள்.

குறையும் உண்டு. நீண்ட மக்னம் ரவைக்கான அறையில் குட்டை .38ஐச் சுட்டுக்கொண்டே போனால் முன்பக்கத்தில் கரி வளையம் பிடிக்கும், தேய்த்துத் தேய்த்துக் கை ஓயும். வெறும் ஈயக் குண்டு, கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் சாப்பாட்டில் வைக்கக் கூடாது. வாட்கட்டர் எல்லாக் கடையிலும் கிடைப்பதும் இல்லை.

மற்றவை சுருக்கமாக. .44 மக்னம் கூட்டாளியுடையது, சுட்டேன், திருப்பிக் கொடுத்தேன், காதில் மஃப் போட்டிருந்தும் பல் கூசியது. .25, .32 கனடாவில் தடைசெய்த வகை, சின்னது என்பதற்காகவே தடை, பெரியது எல்லாம் தடையில்லை. இதை மச்சானுக்கு விளங்கப்படுத்த முடியவில்லை, எனக்கே விளங்கவில்லை.

கடைசியாக அவன் கேட்டான்: "மறுகா என்னத்துக்கு அந்த நாப்பத வெச்சிருக்காய்? பொலிசிட்டக் குடன்."

கொடுக்கலாம், ஒரு சதமும் தரமாட்டார்கள். விற்க விடாதவர்களுக்கு நான் ஏன் சும்மா கொடுக்க வேண்டும்? றொரன்ரோவுக்குத் திரும்பினதும் முதல் சனிக்கிழமை அதைத்தான் எடுத்துக்கொண்டு போகப் போகிறேன். பழைய 180 கிரெயின் பெட்டி இரண்டு இன்னும் கிடக்கிறது, பிடியில் சுற்ற ரப்பர் உறை ஒன்றும் வாங்கி வைத்திருக்கிறேன்.