ஹெட் சீவிய காப்சாய்: இரண்டு ஆண்டு ஓட்டிய பிறகு

பட்டர்வொர்த்திலிருந்து பாயான் லெப்பாஸில் இருக்கும் வேலைக்குத் தினமும் பினாங்குப் பாலம் வழியாகத்தான் போய் வருகிறேன். மோட்டார், கார்புரேட்டர் வைத்த பழைய 97 சிசி காப்சாய், அதாவது சின்ன ரக மோட்டார் சைக்கிள். கம்ப்ரஷனை, அதாவது பிஸ்டன் கலவையை எத்தனை மடங்கு அமுக்குகிறது என்பதைக் கூட்டினால் எண்ணெய் (பெட்ரோல்) மிச்சமாகும் என்று நம்பி, 2023 கடைசியில் சிலிண்டரின் மேல்மூடியான ஹெட்டை 0.8 மில்லிமீட்டர் சீவச் சொன்னேன். "அரை மில்லி போதும் தம்பி" என்றார் பட்டறை அண்ணன். நான் கேட்கவில்லை.

பிஸ்டன் மேலே வந்து நிற்கும்போது அதற்கு மேல் மிஞ்சும் இடம் சுமார் 12 சிசி. அதில் ஒன்றரை சிசி குறைந்ததும் கம்ப்ரஷன் 9:1 என்பது 10.2:1 ஆனது. எரிந்த வாயு கூடுதலாக விரிந்து பிஸ்டனைத் தள்ளுவதால், அதே எண்ணெயில் வேலை அதிகம் கிடைக்கும். ஏட்டுக் கணக்கில் 3.5 சதவீதம். டாங்கியை நிரப்பி நிரப்பி அளந்தேன்: லிட்டருக்கு 48 கிலோமீட்டர் கொடுத்தது 49.5 ஆனது.

மாதம் 1,200 கிலோமீட்டர் ஓட்டுகிறேன். அப்போது சாதாரணப் பெட்ரோலான ரோன் 95 லிட்டர் 2.05 வெள்ளி (ரிங்கிட்). மிச்சம் ஒன்றரை வெள்ளிதான்! லேத்துக் கூலிகூட இன்னும் வந்து சேரவில்லை.

பாலத்தில் குறையே இல்லை. அத்தை வீட்டுக்குப் போக, பாயா தெருபோங்கிலிருந்து பாலிக் பூலாவுக்கு துன் சார்டோன் மலைச்சாலையில் ஏறியபோதுதான் இஞ்சினுக்குள் கடகடவென்று சத்தம். நாக்கிங். அழுத்தமும் சூடும் கூடியதால், பிளக்கின் தீ பரவி வந்து சேருமுன் மீதிக் கலவை தானாகவே வெடிக்கிறது. நாக்கிங்கைக் கூடுதலாகத் தாங்கும் ரோன் 97 பெட்ரோல் போட்டதும் சத்தம் நின்றது. ஆனால் 2024 தொடக்கத்தில் அது 3.47 வெள்ளி, அதையே தொடர்ந்து போட்டால் மாதம் முப்பது வெள்ளிக்கு மேல் கூடுதல் செலவு. தீப்பொறியைச் சற்றுத் தாமதமாக்கலாம், ஆனால் கிடைத்த மிச்சத்தை அது தின்றுவிடும்.

அப்புறம் இஞ்சினைத் திறந்தால், பிஸ்டன் ஓரத்தில் ஊசி குத்தியதுபோல் புள்ளிகள். மனசு பதறிவிட்டது. பிஸ்டனை மாற்றி, சிலிண்டருக்கு அடியில் 0.3 மில்லி தடித்த கேஸ்கெட் வைத்து 9.7-க்கு இறக்கினோம். கிக்கர் முன்பைவிடக் கொஞ்சம் கனம், அவ்வளவுதான்.

இப்போது 95 போட்டே மலை ஏறுகிறேன், சத்தமில்லை. லிட்டருக்கு 49. எண்ணெய்க்காக மட்டும் யாரும் இதைச் செய்ய வேண்டாம். ஆனால் எதிர்காற்று அடிக்கிற நாளிலும் பாலத்தின் நடு ஏற்றத்தில் நான் கியரைக் குறைப்பதில்லை. அந்த இழுவைக்காகவே இதை இப்படியே வைத்திருக்கிறேன்.