தாத்தாவின் கடிதங்களைக் காத்துத் தந்த கடை

1943இல் சுபாஷ் சந்திர போஸ் சிங்கப்பூரில் இந்திய தேசிய இராணுவத்தின் தலைமையை ஏற்றபின், மலாயாத் தோட்டங்களில் ரப்பர் மரங்களில் பால் எடுத்த தமிழர்கள் பலரைப் போல அதில் சேர்ந்த என் தாத்தா, பயிற்சி முகாமிலிருந்து தம் தோழருக்கு எழுதிய பதினொரு கடிதங்களை, மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் உள்ள சிறிய புத்தக பைண்டிங் கடையில் கொடுத்தேன்.

லேமினேட் செய்யக் கேட்டேன். சூட்டில் ஒட்டும் பிளாஸ்டிக்கைப் பழைய தாளிலிருந்து பிறகு பிரிக்கவே முடியாது என்று கடைக்காரர் மறுத்துவிட்டார். அந்த நேர்மைக்காகவே இக்கடையைப் பரிந்துரைக்கிறேன். அமிலமற்ற உறைகளில் தனித்தனியே இட்டு, ஸ்கேன் செய்து, துணி அட்டையில் கட்டிக் கொடுத்தார். ஒரு வாரம் என்றது மூன்று வாரமாயிற்று. கட்டணம் 180 ரிங்கிட்.

“என் பங்கு அரிசியை அம்மாவிடம் கொடு” என்ற மங்கிய பென்சில் வரி இப்போது தெளிவாகத் தெரிகிறது. அந்தத் தோழர், தாத்தா இறக்கும்வரை ஒவ்வொரு தீபாவளிக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பிட்டார்.