நிலைக்கால் ஓரம், குழாய் வளைவு: கல் தரை வேலையில் நாலு இஞ்ச் கிரைண்டர்

கோத்தகிரி, குன்னூர் பக்கம் பழைய வீடுகளில் கல் தரை போடுவது என் தொழில். கோட்டா, கடப்பா, கிரானைட் எதுவானாலும் மேட்டுப்பாளையத்திலிருந்து மலையேறி வரவேண்டும். ஒரு கல் உடைந்தால் அடுத்த வண்டி வரும்வரை அந்த அறை அப்படியே கிடக்கும். பழைய பங்களாக்களில் சுவர் மூலைமட்டத்துக்கு நிற்பதும் அபூர்வம். கதவு நிலை, ஃபயர்பிளேஸ் ஓரம், கழிவுநீர்க் குழாய் என்று கோணல் வெட்டுகள் வந்துகொண்டே இருக்கும். அதற்கெல்லாம் வருடக்கணக்காக என் கையில் இருப்பது நாலு இஞ்ச் ஆங்கிள் கிரைண்டரும் டைமண்ட் பிளேடும்தான்.

நேர் வெட்டுக்கு மார்பிள் கட்டரை மிஞ்ச எதுவும் இல்லை. அடித்தட்டு கல்லின் மேல் படிந்து ஓடும், கோடு பிசகாது. ஆனால் 'எல்' வெட்டிலும் வளைவிலும் அந்தத் தட்டே கோட்டை மறைத்துவிடும். கிரைண்டரில் பிளேடு கல்லைத் தொடும் இடம் கண்ணுக்கு நேராகத் தெரியும்.

நிலைக்காலுக்கு 'எல்' வெட்டும்போது கவனிக்க வேண்டியது உள்மூலை. பிளேடு வட்டம். மேலே கோடு மூலையைத் தொடும்போது கல்லின் அடிப்பக்கம் இன்னும் அறுபட்டிருக்காது. அடியும் அறுபடட்டும் என்று தள்ளினால் மேலே கோடு மூலையைத் தாண்டிவிடும். பாலிஷ் போட்ட முகத்தில் அந்தக் கீறலை எந்த கிரௌட்டும் (கல் இடுக்கை அடைக்கும் பூச்சு) மறைக்காது. அதனால் முகத்தில் இரண்டு கோட்டையும் மூலையோடு நிறுத்திவிடுவேன். அப்புறம் கல்லைத் திருப்பி, பின்பக்கத்தில் அதே கோடுகளைக் குறித்து, அங்கே மட்டும் மூலையைக் கொஞ்சம் தாண்டி வெட்டுவேன். துண்டு தானாகக் கழன்று வரும். கிரானைட் என்றால் வெட்டுவதற்கு முன்பே மூலையில் 6 மி.மீ. துளை போட்டுக்கொள்வது நல்லது. கூரான உள்மூலையில்தான் விரிசல் பிறக்கும், துளையின் வளைவு அதைத் தடுக்கும்.

குழாய் வளைவுக்கு முதலில் அட்டையில் அச்சு எடுத்துவிடுவேன். கோடு வரைந்ததும், கழிக்க வேண்டிய பகுதியில் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாகக் கீறல்கள் போட்டு, பற்களை ஒவ்வொன்றாகத் தட்டி எடுத்துவிட்டு, ஓரத்தைப் பிளேடாலேயே மெதுவாகத் தேய்த்துக் கோட்டுக்குக் கொண்டுவருவேன். சின்னத் துளைகளுக்கு, வட்டமாக அறுத்தெடுக்கும் கோர் பிட் போதும், இந்தப் பாடு வேண்டாம்.

பிளேடில் இடைவெளி விட்ட செக்மென்ட் வகை வேகமாக அறுக்கும், ஆனால் ஓரம் சில்லு சில்லாகப் பெயரும். கண்ணில் படும் வெட்டுக்கு விளிம்பு தொடர்ச்சியாக இருக்கும் பிளேடைத்தான் மாட்டுவேன். கிரானைட்டில் நெடுநேரம் ஓடினால் பிளேடு மழுங்கி, வெட்டாமல் வழுக்கும். தூக்கிப் போட்டுவிடாதீர்கள். மணல் கலந்த சிமெண்ட் கட்டையில் நாலைந்து தடவை இறக்கினால் மேலுள்ள உலோகம் தேய்ந்து புது வைரத் துணுக்குகள் வெளியே வரும். பெரிய பிளேடு மாட்டுவதற்காகக் காப்புத் தகட்டைக் கழற்றுகிற பழக்கம் இங்கே நிறைய பேருக்கு உண்டு. தயவுசெய்து வேண்டாம்.

ஐப்பசி மழையிலும் பனிமூட்டத்திலும் குளிருக்குப் பயந்து கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே வெட்டுகிறார்கள். கிரானைட் தூசியில் சிலிக்கா இருக்கிறது. நுரையீரலில் படிந்தால் சிலிக்கோசிஸ் வரும், அதற்குக் குணமாக்கும் மருந்து இல்லை. கைக்குட்டை கட்டினால் போதாது, என்95 முகமூடி வேண்டும், வெட்டுவது வெளித் திண்ணையில்தான். நீர் விட்டு வெட்டினால் தூசி அடங்கும். அதற்குத் தண்ணீர்க் குழாய் வைத்த மார்பிள் கட்டர்தான் சரி, அதையும், மின்கசிவு வந்தால் கரண்ட்டைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வழியாகத்தான் ஓட்ட வேண்டும். கிரைண்டர் மேல் பாட்டில் தண்ணீர் ஊற்றுவது ஷாக்குக்கு வழி.

கிரைண்டரில் குறை என்றால், வெட்டும் ஆழத்தை நிறுத்திவைக்க வழியில்லை, எல்லாம் கைப்பக்குவம். மோட்டாருக்குள் கரண்ட் கடத்தும் கார்பன் பிரஷ் தேய்ந்தால் பொறி பறக்கும், உடனே மாற்றிவிட வேண்டும். என்னிடம் இருப்பது ஸ்லைடு சுவிட்ச் வகை, கை நழுவினாலும் ஓடிக்கொண்டே இருக்கும். புதிதாக வாங்குபவர்கள் அழுத்திப் பிடித்தால் மட்டும் ஓடும் பேடில் சுவிட்ச் வகையைக் கேட்டு வாங்குங்கள்.