கன்சர்வேட்டரா, விஞ்ஞானியா? ஒரே சிலைக்கு முன்னால் இரண்டு வேலைகள்

கெமிஸ்ட்ரி படித்துவிட்டு, மருந்து கம்பெனிக்குப் போகாமல் அருங்காட்சியகப் பக்கம் போனால் என்ன என்று யோசிப்பவர்கள் உண்டு. அவர்களுக்கு முன்னால் இருப்பது இரண்டு வழி. ஒன்று, பழம்பொருளைக் கையாலேயே சீர்செய்யும் கன்சர்வேட்டர். இன்னொன்று, அது ஏன் கெடுகிறது, எதனால் ஆனது என்று ஆராயும் கன்சர்வேஷன் விஞ்ஞானி. வெளியிலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். அன்றாட வேலை வேறு, அதற்குத் தேவையான மனசும் வேறு.

மண்ணிலிருந்து கிடைத்த ஒரு செப்புத் திருமேனியை எடுத்துக்கொள்வோம். புதையல் சட்டப்படி எழும்பூர் அரசு அருங்காட்சியகத்துக்கு இப்படி எத்தனையோ சிலைகள் வந்திருக்கின்றன. மேலே படிந்திருக்கும் கரும்பச்சைக் களிம்பு பெரும்பாலும் ஆபத்தில்லாதது. இடுக்குகளில் வெளிர்பச்சையாக, தொட்டால் மாவுபோல் உதிரும் பொட்டுகள்தான் வில்லங்கம். மண்ணிலிருந்த உப்பின் குளோரைடு உள்ளே தங்கி, காற்றின் ஈரத்தோடு சேர்ந்து செம்பைத் தின்றுகொண்டிருக்கிறது என்று அர்த்தம். இதற்கு வெண்கல நோய் என்று பெயர்.

கன்சர்வேட்டர் முதலில் படம் எடுப்பார், நிலைமையை எழுதி வைப்பார். அப்புறம் நுண்ணோக்கிக்கு அடியில் ஊசியாலும் ஸ்கால்பெல்லாலும் அந்தப் பொடியை மட்டும் கிளறி எடுப்பார். கை கொஞ்சம் வழுக்கினால் சோழர் காலத்து மேற்பரப்பில் புதுக் கீறல் விழும். விரல் நகமளவு இடத்துக்கே அரை நாள் ஓடிவிடும். குழியில் வெள்ளி ஆக்சைடை அடைப்பது ஒரு முறை. ஆல்கஹாலில் கரைத்த பென்சோட்ரையசோல் என்ற அரிப்புத் தடுப்பானில் ஊறவைப்பது இன்னொரு முறை. பிறகு ஈரப்பதம் மிகுந்த பெட்டியில் வைத்துப் பார்க்க வேண்டும். மறுபடி பச்சை தலைகாட்டினால் முதலிலிருந்து தொடங்க வேண்டியதுதான். அடங்கினால், பின்னாளில் கரைத்து எடுக்கக்கூடிய அக்ரிலிக் பூச்சு ஒன்றைக் கொடுப்பார்கள்.

விஞ்ஞானி இந்தச் சிலையைத் தொடாமலே ஒரு வாரம் வேலை பார்க்கலாம். எந்த ஈரப்பதத்துக்குக் கீழே இந்த அரிப்பு அடங்கும்? காட்சிப்பெட்டியின் பிளைவுட்டிலிருந்து அமில ஆவி வருகிறதா? பிந்தைய கேள்விக்கு 1973-இல் பிரிட்டிஷ் மியூசியத்தில் உருவான, ஆடி (Oddy) என்பவர் பெயரால் வழங்கும் சோதனை இன்றும் புழக்கத்தில் இருக்கிறது. பெட்டி செய்யப்போகும் பொருளின் துண்டை வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளோடு மூடிய குழாயில் போட்டு, 60 டிகிரியில் 28 நாள் வைப்பார்கள். தகடு கறுத்தாலோ பூத்தாலோ அந்தப் பொருள் வேண்டாம். கேட்க மந்தமான வேலைதான். ஆனால் கன்சர்வேட்டர் ஒரு சிலையைக் காப்பாற்றும் நேரத்தில், இது ஒரு கூடத்தையே காப்பாற்றிவிடும்.

பொருளைப் பற்றிய நம் நினைப்பையே மாற்றும் வாய்ப்பும் விஞ்ஞானிக்குத்தான் அதிகம். பழங்கால உலோகங்களை ஆராயும் சாரதா சீனிவாசன் தென்னிந்தியத் திருமேனிகளின் உலோகக் கலவையையும் ஈய ஐசோடோப்பு (எடையில் வேறுபடும் ஈய அணு வகைகள்) விகிதங்களையும் அளந்து, எந்தச் சிலை எந்தக் காலத்தது என்று கணிக்கப் புது வழி காட்டினார். நாம் ஐம்பொன் என்று சொல்லும் சிலைகள் பெரும்பாலும் செம்பும் ஈயமும் வெள்ளீயமும்தான். தங்கமும் வெள்ளியும் இருந்தால் துளியளவு. இது ஆய்வுக்கூடத்தில் தெரிந்த சேதி, சிலையைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடித்ததல்ல.

படிப்பு விஷயத்தில் அமெரிக்காவில் கோடு தெளிவாக இருக்கிறது. கன்சர்வேட்டர் ஆக விரும்புபவர் ஆர்கானிக் கெமிஸ்ட்ரி, கலை வரலாறு, கூடவே ஓவியமோ சிற்பமோ கைப்பழக்கம் என மூன்றையும் காட்ட வேண்டும். முன்அனுபவமும் கேட்பார்கள். டெலவேர், பஃபலோ, நியூயார்க், யூசிஎல்ஏ போன்ற சில பல்கலைக்கழகங்களில்தான் முதுநிலைப் படிப்பு, அதிலும் இடங்கள் மிகக் குறைவு. விஞ்ஞானிக்குக் கைப்பழக்கம் தேவையில்லை. பெரும்பாலும் வேதியியலிலோ பொருள் அறிவியலிலோ பிஎச்டி கேட்பார்கள். ஆனால் பெரிய அருங்காட்சியகம் ஒன்றில் கன்சர்வேட்டர்கள் பலர் இருந்தாலும் விஞ்ஞானிகள் சிலரே. அத்தனை வருடம் படித்துவிட்டு ஒரு நாற்காலி காலியாகக் காத்திருப்பது எல்லோருக்கும் ஒத்துவராது.

நம் நாட்டில் அந்தக் கோடு ஆரம்பத்திலிருந்தே கலங்கித்தான் கிடக்கிறது. எழும்பூரில் 1930-இல் தொடங்கிய ஆய்வகத்தில் வேதியியலாளர் எஸ். பரமசிவன் மின்பகுப்பு முறையில் வெண்கலங்களைச் சீர்செய்தார். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்கள் எந்த முறையில் தீட்டப்பட்டன என்றும் ஆராய்ந்தார். இன்றும் இந்தியத் தொல்லியல் துறையின் அறிவியல் பிரிவில் சேர்பவருக்கு இரண்டு தொப்பியும் உண்டு. காலையில் சுவரைக் கழுவும் வேலையை மேற்பார்வை பார்த்தவர், மாலையில் மாதிரியைச் சோதிக்கலாம். எனக்கு இது குறையாகப் படவில்லை. சிலையைக் கையில் பிடித்துப் பழகியவர் கேட்கும் ஆராய்ச்சிக் கேள்வி வேறு தரத்தில் இருக்கும்.

சம்பளம், நிரந்தரம் என்று பார்த்தால் அரசு வேலை பாதுகாப்பு, ஆனால் பணியிட அறிவிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது. தனியார் பக்கம், பாரம்பரியச் சின்னங்களைக் காக்கும் இன்டாக் போன்ற அமைப்புகளிலும் ஓவியச் சேகரிப்பாளர்களிடமும் கன்சர்வேட்டருக்கு ஒப்பந்த வேலை கிடைக்கிறது. விஞ்ஞானிக்கு அந்த வெளிவாசல் ஏறக்குறைய கிடையாது. கருவி இருக்கும் இடத்தில்தான் அவருக்கு வேலை. கரைப்பான்களின் வாடையோடு காலம் தள்ளுவது கன்சர்வேட்டர் பக்கத்துச் சுமை.

ஆகவே தமிழ்நாட்டில் இப்போது பிஎஸ்சி முடிப்பவர் என்னைக் கேட்டால், எம்எஸ்சி வேதியியலை விடாதே, ஆனால் முதலில் கன்சர்வேட்டராகப் பழகு என்பேன். கலைப்பொருள் பாதுகாப்புக்காக லக்னோவிலுள்ள தேசிய ஆய்வகமான என்ஆர்எல்சியின் பயிற்சியோ, நொய்டாவின் இந்தியப் பாரம்பரிய நிறுவனத்தில் எம்ஏ-யோ அதற்கு உதவும். பிஎச்டி ஆசை அதற்குப் பிறகும் இருந்தால் போகலாம். நுண்கலை படித்தவருக்கு இந்தக் கணக்கு பொருந்தாது: தொல்லியல் துறையின் வேதியியலாளர் பதவிக்கு வேதியியல் பட்டம் வேண்டும், அவர் ஓவியம் அல்லது காகிதப் பாதுகாப்பில் நேராக இறங்குவதே நல்லது.