சாங்கியில் எட்டு மணி நேரம்: வெளியே போகலாமா?

சிங்கப்பூரின் சாங்கி விமான நிலையத்தில் அடுத்த விமானத்துக்கு எட்டு மணி நேரம் கையில் இருந்தால் உள்ளேயே கிடப்பது வீண். ஆனால் விசா தேவைப்படும் பாஸ்போர்ட் என்றால் அதை முதலில் பாருங்கள். நிலையத்தை ஒட்டிய ஜுவல் வணிக வளாகத்தின் 40 மீட்டர் அருவிகூட குடிநுழைவுக்கு வெளியேதான் இருக்கிறது. வெளியே போவதென்றால், எஸ்ஜி அரைவல் கார்டு என்ற நுழைவுப் படிவத்தை வந்திறங்குவதற்கு முந்தைய மூன்று நாட்களுக்குள் இணையத்தில் நிரப்பிவிடுங்கள், இலவசம்தான். அதற்குக் காசு கேட்கும் தளம் போலி.

லிட்டில் இந்தியா வட்டாரத்தில் இருக்கும் தேக்காவுக்கு டாக்சி வேண்டாம். எம்ஆர்டி ரயிலில் ஏறி அடுத்த நிலையமான எக்ஸ்போவில் டவுன்டவுன் தடத்துக்கு மாறினால் நேரே லிட்டில் இந்தியா. வங்கி அட்டையையே தட்டலாம். ஒருவழிக்கு ஒரு மணி நேரம் வையுங்கள். தேக்கா சந்தையில் சாப்பிட்டுவிட்டு, விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே கிளம்புங்கள். நள்ளிரவுக்குப் பின் ரயில் கிடையாது.

உள்ளேயே இருப்பவர்களுக்கு மூன்றாம் முனையத்தின் பட்டாம்பூச்சித் தோட்டம் போதும். ஒன்று முதல் மூன்று வரையிலான முனையங்களில் பாதுகாப்புச் சோதனை கேட் வாசலில்தான். ஆசையாக நிரப்பிய தண்ணீர் பாட்டிலை அங்கே கொட்டத்தான் வேண்டும். காலி பாட்டிலோடு போங்கள். நான்காம் முனையத்துக்கு, முனையங்களை இணைக்கும் ஸ்கைட்ரெயின் ரயில் இல்லை, பேருந்துதான்.